சங்கிலி இல்லாத யானை

பாஸ்போர்ட் விசாரணைக்கு வந்த போலீஸ்காரர் வண்டியை நிறுத்தியதுமே, "பிரான்சுக்காம்மா?" என்றார். புதுச்சேரிப் பக்கம் பாஸ்போர்ட் எடுக்கிறவர்கள் எல்லாரும் பிரான்சுக்குத்தான் போவார்கள் என்பது அவர் நினைப்பு. எனக்கு முன்னால் என் சிநேகிதி முந்திக்கொண்டாள்.

"இல்ல சார். சிலோனுக்கு. யானை பாக்கப் போறோம்."

அவர் எங்கள் இருவரையும் மேலும் கீழும் பார்த்தார். ஐம்பதைத் தாண்டிய இரண்டு பொம்பளைகள். ஒருத்தி கணுக்கால் வரை நடவுச் சேறு, இன்னொருத்தி கையில் ஊன்றுகோல். ஊன்றுகோல்காரி நான்.

"யானைக்குக் கோயிலுக்குப் போனா போதாதா?"

"அது சங்கிலி கட்டின யானை சார்" என்றாள் அவள். அவர் காகிதத்தில் எதையோ கிறுக்கிக்கொண்டு வண்டியைக் கிளப்பினார். எங்களை விசாரித்து அவருக்கு அலுத்திருக்க வேண்டும்.

எனக்கும் அவளுக்கும் பள்ளிக்கூடத்து நாளிலிருந்து பழக்கம். பாகூர் ஏரிப் பாசனத்தில் அவள் நிலமும் என் நிலமும் ஒரே வரப்பில் இருக்கின்றன. சில வருஷங்களுக்கு முன் மோட்டார் கொட்டகைப் படியில் வழுக்கி விழுந்து என் தொடை எலும்பு உடைந்தது. கம்பி வைத்து, காலை அசைக்கவே கூடாது என்று சொல்லிப் படுக்கையில் போட்டுவிட்டார்கள். என் வீட்டுக்காரர் கம்பெனி பஸ் ஓட்டுகிறவர். நல்ல மனுஷன்தான், ஆனால் நெல்லுக்கும் கோரைக்கும் வித்தியாசம் கேட்டால் முழிப்பார். அந்த வருஷம் என் நிலத்தில் விளைந்ததெல்லாம் அவள் விளைய வைத்தது. ஆள் பிடித்தாள், தண்ணீர் கட்டினாள். நெல் அறுத்த பிறகு மேட்டுக் கொல்லையில் மல்லாட்டையும் விதைத்தாள். வேர்க்கடலையை நாங்கள் அப்படித்தான் சொல்வோம்.

மல்லாட்டை விதைத்துவிட்டு நிம்மதியாக உட்கார முடியாது. மயில் வந்துவிடும். எங்கள் பக்கம் இப்போது காக்காயைவிட மயில்தான் அதிகம். தோகையைப் பார்த்து டவுன்காரர்கள் போட்டோ எடுப்பார்கள், எங்களுக்கு அதன் கால்தான் தெரியும். விதைத்த உழவுச்சாலைப் பிடித்துக்கொண்டே நடந்து ஒவ்வொரு பருப்பாகக் கிளறித் தின்னும். அதை விரட்டுவதற்கென்றே அவளுக்குத் தொண்டை வாய்த்திருந்தது. கை இரண்டையும் ஓங்கித் தட்டி, அடிவயிற்றிலிருந்து "ஓய்ய்ய்ய் ஹோ!" என்று ஒரு குரல் விட்டாளானால், மயில் மட்டுமில்லை, ரோட்டில் போகிற டவுன்பஸ்ஸே ஒரு நிமிஷம் யோசிக்கும். படுக்கையில் கிடந்த எனக்குத் தினமும் காலையில் அந்தச் சத்தம் கேட்கும். கேட்டதும் என் கொல்லை பத்திரம் என்று கண்ணை மூடிக்கொள்வேன்.

இதற்கெல்லாம் அவளுக்கு நான் ஒரு வார்த்தை சொல்ல முடிந்ததில்லை. வாயைத் திறந்தால், "அட போடி, வேலைய பாரு" என்பாள். புடவை எடுத்துக் கொடுத்தேன். அதை அவள் என் மருமகளுக்கே கொடுத்துவிட்டாள். நெஞ்சில் இருப்பதைச் சொல்லவிடாத சிநேகிதியை வைத்துக்கொண்டு ஒருத்தி என்னதான் செய்வாள்? எனக்குக் கோபம்கூட வந்தது.

வழி அவளே காட்டினாள். படுத்திருந்த நாளில் என் போனில் ஒரு வீடியோ பார்த்தோம். இலங்கையில், கோடையில் வற்றிய ஒரு பெரிய ஏரியில், கூட்டம் கூட்டமாக யானைகள் புல் மேய்ந்துகொண்டிருந்தன.

"ஏரிலயாடி? நம்ம ஏரில மாடு மேயற மாதிரி மேயுதே!" என்று போனைப் பிடுங்கிக்கொண்டாள். "பாரு, ஒண்ணுத்துக்குக்கூட சங்கிலி இல்ல." அன்றைக்கு எத்தனை முறை பார்த்தாளோ. பிறகு போனைத் திருப்பித் தரும்போது, "ஒரே ஒரு வாட்டி இத கண்ணால பாத்துடணும்டி" என்றாள். தனக்கென்று அவள் ஆசைப்பட்டு நான் கேட்டது அதுதான் முதல் தடவை. கால் ஊன்றி நடந்ததும் இவளுக்கு யானையைக் காட்டியே தீருவது என்று அப்போதே முடிவு செய்துவிட்டேன். அது ஒன்றுதான் அவள் வாங்கிக்கொள்ளக்கூடிய நன்றி.

ஆவணி மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை இரவு சென்னையில் விமானம் ஏறினோம். திங்கட்கிழமை களையெடுப்புக்கு ஆள் சொல்லியிருந்தாள், அதற்குள் திரும்பிவிட வேண்டும் என்பது அவள் கண்டிஷன். கொழும்பில் எங்களைத் தன் ஜீப்பில் ஏற்றிக்கொண்ட டிரைவர் மாத்தளைத் தமிழர், எங்கள் வயதுக்காரர். வழியெல்லாம் அவள் வயலைப் பார்த்தாள், வாய்க்காலைப் பார்த்தாள், மதகைப் பார்த்தாள். "நம்ம ஊருதான்டி, கொஞ்சம் பச்சையா இருக்குது" என்று தீர்ப்பும் சொல்லிவிட்டாள்.

ஆனால் ஏரியில் யானை இல்லை. முந்தின வாரம் எதிர்பாராத மழை. தண்ணீர் ஏறி, புல் மூழ்கி, யானைகள் காட்டுக்குள் கலைந்துவிட்டன. ஜீப்பில் ஏரியைச் சுற்றிச் சுற்றி வந்தோம். முதலை பார்த்தோம், மான் பார்த்தோம், மஞ்சள் மூக்கு நாரை பார்த்தோம். "நாரை நம்ம ஏரியிலயே இருக்குதே" என்று சொன்னாளே தவிர, குறை ஒன்றும் சொல்லவில்லை. எனக்குத்தான் ஆறவில்லை. இவ்வளவு தூரம் கூட்டிவந்து நாரையைக் காட்டியா திரும்புவது?

டிரைவர் என் முகத்தைப் பார்த்திருப்பார். "கவலைப்படாதீங்கம்மா. பின்னேரத்துல காட்டை விட்டு ரோட்டைக் கடக்கும், ஒரு இடம் இருக்கு" என்று கொண்டுபோய் நிறுத்தினார். ஒரு பக்கம் காடு, மறு பக்கம் பால் பிடித்த நெல் வயல், நடுவில் மண் ரோடு. ஏற்கெனவே நாலைந்து ஜீப்புகள் மூச்சுக் காட்டாமல் நின்றன. வெள்ளைக்காரர்கள் கேமராவும் கையுமாக இருந்தார்கள். வெயில் சாய்ந்தது. காட்டோரப் புதர் அசைந்தது. முதலில் ஒரு காது, பிறகு மண் பூசிய பெரிய நெற்றி. நான் அவள் கையைப் பிடிக்கத் திரும்பினேன்.

அவள் அந்தப் பக்கமே பார்க்கவில்லை. வயல் பக்கம் திரும்பி நின்றிருந்தாள். ஒரு மயில் கூட்டம் வரப்பிலிருந்து கதிருக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. நான் "அடியே" என்பதற்குள் அவள் கை இரண்டும் மேலே போய்விட்டன.

"ஓய்ய்ய்ய் ஹோ!"

மயில்கள் பறந்தன. புதர் ஒரு ஆட்டம் ஆடி அடங்கிவிட்டது. நெற்றியும் இல்லை, காதும் இல்லை. பக்கத்து ஜீப்பில் ஒருவர் தொப்பியைக் கழற்றி மடியில் அடித்துக்கொண்டார். எங்கள் டிரைவர் ஸ்டியரிங்மேல் தலையைச் சாய்த்துக்கொண்டார்.

"உனக்கு இன்னா பைத்தியமாடி?" என்று கத்தினேன். "யானைடி! யானை வந்துச்சிடி!"

"எங்க?" என்றாள். முகம் செத்துப்போய்விட்டது. "பால் பிடிச்ச கதிருடி. பாத்துக்குனு எப்படி நிக்கறது? கை தன்னால எழுந்துடுச்சி." அப்படியே சீட்டில் உட்கார்ந்து முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அவள் அழுது நான் பார்த்ததே கிடையாது. என் கோபம் போன இடம் தெரியவில்லை.

அப்போது வயலுக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு பதில் குரல் வந்தது. கிட்டத்தட்ட அதே குரல், அதே இழுப்பு. ஒரு மரத்தின்மேல் கட்டியிருந்த காவல் பரணிலிருந்து ஒரு பெண் இறங்கி வரப்பில் ஓடிவந்தாள். எங்கள் வயதுதான், சிங்களப் பெண். சிரிப்பும் பேச்சுமாக வந்தவளிடம் டிரைவர் பேசிவிட்டு எங்களிடம் சொன்னார்: "பக்கத்து வயல்காரி வெளியூர்ல இருந்து திரும்பி வந்துட்டான்னு நினைச்சாளாம். அவ போனதுல இருந்து இவ ஒருத்திதான் காவலாம். நீங்க மயில் விரட்டினதுக்கு ரொம்ப சந்தோஷமாம்." பிறகு எங்கள் கதையை அவளுக்குச் சொல்லியிருக்கிறார். அவள் என் சிநேகிதியின் கன்னத்தைத் துடைத்துவிட்டு, தன் பரணைக் காட்டினாள். விடியற்காலையில் யானைகள் காட்டுக்குத் திரும்புகிற வழி அதுதானாம். வரச் சொன்னாள்.

ஞாயிற்றுக்கிழமை கிழக்கு வெளுக்கும்போது நாங்கள் பரணில் இருந்தோம். கம்பி வைத்த காலோடு அந்த ஏணியில் ஏற என்னைக் கீழிருந்து இவள் தள்ள, மேலிருந்து அவள் இழுக்க, நெல் மூட்டை மாதிரி போய் விழுந்தேன். அந்தப் பெண் தேங்காய் ரொட்டியும் பால் ஊற்றாத டீயும் கொடுத்தாள். எங்கள் ஊரில் டீத்தூள் தண்ணீர் என்று திட்டியிருப்பேன், அங்கே அமிர்தமாக இருந்தது. பேச பாஷை கிடையாது. டிரைவர் கீழே வண்டியில் இருந்தார்.

யானைகள் வந்தன. சத்தமே இல்லை. வரப்பில் திடீரென்று நின்றன. பெரியது மூன்று, நடுவில் ஒரு குட்டி. அந்தப் பெண் மடியிலிருந்து வெடியை எடுத்தாள். தீப்பெட்டியைத் தேடித் திரும்பியவள் என் சிநேகிதியின் முகத்தைப் பார்த்தாள். என்ன நினைத்தாளோ, வெடியைக் கீழே வைத்துவிட்டாள். உட்கார்ந்து பார் என்று கையால் சைகை காட்டினாள்.

யானைகள் வயலுக்குள் இறங்கின. ஒன்று துதிக்கையால் ஒரு பிடி நெல்லைச் சுற்றிப் பிடுங்கி, வேர் மண்ணைக் காலில் தட்டி உதறிவிட்டு வாயில் வைத்தது. குட்டியும் பிடுங்கிப் பார்த்தது, அதற்கு வரவில்லை. என் சிநேகிதி இரண்டு கையாலும் பரண் கொம்பைப் பிடித்துக்கொண்டு, கண் கொட்டாமல் பார்த்தாள். அவள் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை அவள் மகள் கல்யாணத்தில்கூட நான் பார்த்ததில்லை. கடவுளே, காட்டிவிட்டாய், இது போதும் என்று நான் கும்பிட்டேன்.

நாலு வாய்தான் தின்றிருக்கும். என் சிநேகிதி யானையை விட்டுவிட்டு அந்தப் பெண்ணைத் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பெண் யானையைப் பார்க்கவில்லை. மிதிபடுகிற நெல்லைப் பார்த்துக்கொண்டு, உதட்டைக் கடித்தபடி உட்கார்ந்திருந்தாள். இவள் எழுந்தாள்.

"வேணாம்டி, இன்னும் கொஞ்ச நேரம் பாத்துக்க" என்று புடவையைப் பிடித்து இழுத்தேன். என் கையைத் தட்டிவிட்டாள்.

அவள் போட்ட கூச்சலில் பரணே ஆடியது. அந்தப் பெண்ணும் எழுந்து சேர்ந்துகொண்டாள், வெடியைக் கொளுத்தி எறிந்தாள். இருவரும் கையைத் தட்டிக்கொண்டு கத்திய கத்தலில் யானைகள் குட்டியை நடுவில் விட்டுக்கொண்டு வரப்பேறிக் காட்டுக்குள் போய்விட்டன. வாலின் நுனி மறைகிறவரை விரட்டிவிட்டுத்தான் இவள் மூச்சு வாங்கினாள். பிறகு திரும்பி அந்தப் பெண்ணை ஒரு பிடி பிடித்தாள்.

"அறிவிருக்குதாடி உனக்கு? எனக்கு வேடிக்கை காட்றதுக்கு உன் நெல்ல உடுவியா?"

தமிழ் தெரியாத அந்தப் பெண், திட்டு வாங்கியவள் சிரிப்பதுபோல் சிரித்தாள்.

கீழே இறங்கினோம். டிரைவர் ஏர்போர்ட்டுக்கு நேரமாகிறது என்று அவசரப்படுத்தினார். அந்தப் பெண் என் சிநேகிதியின் வலது கையைப் பிடித்து, அதைத் தன் கண்களில் ஒற்றிக்கொண்டு, சிங்களத்தில் நெடுநேரம் என்னவோ சொன்னாள். டிரைவர் மொழிபெயர்க்க வாயெடுத்தார்.

"வேணாம்பா, புரிஞ்சிடுச்சி" என்றாள் இவள். கையை இழுத்துக்கொள்ளவில்லை. வேலையைப் பார் என்று சொல்லவில்லை. அந்தப் பெண் சொல்லி முடிக்கிறவரை தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டு நின்றாள்.

நான் ஊன்றுகோலை ஜீப்பில் சாய்த்து வைத்துவிட்டு, அவளுடைய இடது கையைப் பிடித்து என் கண்ணில் ஒற்றிக்கொண்டேன்.

"உனக்கு இன்னாடி?" என்றாள்.

"அவ சொன்னதுதான்டி" என்றேன்.