பழைய ஓவனும் ஸ்டெல்லாவின் சூஜி கேக்கும்

வெண்ணெயில் ஊறிய ரவை ஓவனில் வேகத் தொடங்கியதும் ஒரு வாசம் வரும்... புக்கிட் பாத்தோக்கில் எங்கள் பிளாக்கின் ஒன்பதாவது மாடியில் லிஃப்ட் கதவு திறக்கும்போதே அது மூக்கில் ஏறும். அந்தக் காலத்தில் டிசம்பர் முழுக்க எங்கள் காரிடாரில் அதே வாசம்தான்.

வீட்டுச் சாவி கிடைத்த புதிதில், கையிலிருந்த பணம் ஒன்று சோபாவுக்குப் போதும், இல்லையென்றால் ஓவனுக்குப் போதும். நான் ஓவன்தான் என்று ஒற்றைக்காலில் நின்றேன். ஜெர்மன் ஓவன், அலமாரிக்குள் பதித்து வைக்கிற வகை. முதல் வருஷம் கிறிஸ்மஸுக்கு வந்த அத்தனை பேரும் பாயில் உட்கார்ந்துதான் கேக் சாப்பிட்டார்கள்.

டெலிவரிக்கு வந்தவர்கள் ஓவனைப் பொருத்திவிட்டு, திருகுகிற நாப்களை மட்டும் மாட்டாமல் ஒரு பிளாஸ்டிக் பையில் வைத்திருந்தார்கள். என் கணவர் அருளுக்குக் கப்பல் பட்டறையில் வேலை.

"அத நான் பாத்துக்கறேன், நீங்க கெளம்புங்க. வால்வு மாட்டுறவனுக்கு இதெல்லாம் ஒரு வேலையா?"

அவரே மாட்டினார். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

அதில் எதைச் செய்தாலும் கொஞ்சம் தாமதமாகும். பாக்கெட்டில் முப்பது நிமிஷம் என்று போட்டிருந்தால் எனக்கு நாற்பது ஆகும். ஜெர்மன் ஓவன் நிதானமாக வேலை செய்யும் என்று எல்லோரிடமும் அளந்துகொண்டிருந்தேன். ரவையில் செய்கிற சூஜி கேக் மட்டும் அதில் அப்படியொரு பதமாக வந்தது. மேலே பொன்நிறம், உள்ளே ஈரம் மாறாமல்...

பங்குக் கோவிலில் பாடற்குழுவில் என் வலது பக்கம் நிற்கிறவள் ஸ்டெல்லா. பூன் லேயில் வீடு. இருபது வருஷத் தோழி. தன் மகள் முதன்முதலாக நற்கருணை வாங்குகிற புதுநன்மை விருந்துக்கு அந்த கேக்கைத் தானே செய்யப்போவதாகச் சொல்லி ரெசிபி கேட்டாள். யாருக்கும் கொடுக்காததை அவளுக்குக் கொடுத்தேன். ஒரு வரி விடாமல் என் கையாலேயே எழுதினேன். நூற்று எண்பது டிகிரி, ஐம்பத்தைந்து நிமிஷம்.

விருந்தில் கேக் மேலே கருகி, உள்ளே வறண்டு கிடந்தது. அவள் மாமியார் வீட்டு ஆட்கள் எல்லோரும் வந்திருந்த நாள் அது. சமையலறையில் என்னை நிறுத்தி வைத்து ஸ்டெல்லா கேட்டாள்.

"நீ எதையோ மறைச்சிட்டுத்தான் எழுதிக் குடுத்திருக்க, லீனா."

"எனக்கு என்ன தலையெழுத்தா மறைக்கணும்னு? நீ ஓவன் பக்கத்துல நிக்காம டிவி பாத்திருப்ப."

அத்தோடு சரி. பூசையில் பக்கத்தில் நிற்பவருக்குக் கைகொடுத்துச் சமாதானம் பகிர்ந்துகொள்ளும் நேரம் வரும்போது நான் இடது பக்கம் திரும்புவேன், அவள் வலது பக்கம் திரும்புவாள். பதினோரு வருஷம்... ஆண்டவர் சந்நிதியிலேயே இப்படி. இப்போது சொல்லவே வெட்கமாக இருக்கிறது.

போன மாதம் ஓவன் சூடாவதை நிறுத்தியது. மகன் கெவின் போனிலேயே தீர்ப்புச் சொல்லிவிட்டான்.

"தூக்கிப் போடுங்க லா, மா. புதுசெல்லாம் போன்லயே ஆன் பண்ணலாம். நான் வாங்கித் தரேன்."

ஆனால் புது மாடல் எதுவும் அந்தப் பழைய அளவுக்கு வரவில்லை. அலமாரியை இடித்தால்தான் உள்ளே போகும். இடிக்கிறதா, ரிப்பேர் செய்கிறதா என்று இரண்டு வாரம் வீட்டில் இதே பேச்சு. கடைசியில், பார்த்துவிட்டாவது சொல்லட்டும் என்று செல்வம் என்கிற டெக்னீஷியனைக் கூப்பிட்டோம்.

ஓவனைச் சூடாக்குகிற பழைய காயில் கம்பி எரிந்துபோயிருந்தது. ஒத்துப்போகிற காயில் ஒன்று அவரிடம் இருந்தது. மாட்டிவிட்டு, உள்ளே ஒரு தெர்மாமீட்டரை வைத்து நாப்பை நூற்று எண்பதில் திருப்பினார். கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தவர், நாப்பைக் கழற்றி உள்பக்கம் டார்ச் அடித்தார்.

"அக்கா, இத யாரு மாட்டுனது? ஒரு பல்லு தள்ளி உக்காந்திருக்கு. நீங்க நூத்தி எம்பது வச்சா, உள்ள நூத்தி அம்பத்தஞ்சுதான்."

ஹாலில் அருள் பிடித்திருந்த பேப்பர் கொஞ்சம் மேலே ஏறி முகத்தை மறைத்தது.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஸ்டெல்லாவின் முகம்தான் வந்தது. அவள் ஒழுங்காகத்தான் செய்திருக்கிறாள். நான் எழுதிக் கொடுத்ததை ஒரு வரி விடாமல் செய்திருக்கிறாள்.

"சரியா மாட்டிடவா, இல்ல பழகுனபடியே விட்டுடவா?" என்று செல்வம் கேட்டார்.

"சரியா மாட்டிடுங்க."

போகும்போது அவர் மறைக்காமல் சொன்னார். "இன்னும் ரெண்டு வருஷம் ஓடும்கா. அதுக்கு மேல நான் சொல்ல மாட்டேன்." போதும் என்றேன்.

மறுநாள் ரவையை வெண்ணெயில் ஊறவைத்தேன். அதற்கு அடுத்த நாள் மாவைக் கலக்கி டப்பாவில் எடுத்துக்கொண்டு பூன் லேக்குப் போனேன். கதவைத் திறந்தவள் இரும்புக் கேட்டைத் திறக்காமல் என்னையே பார்த்தாள். வரும் வழியெல்லாம் என்னென்னவோ யோசித்து வைத்திருந்தேன். வாயில் வந்தது இவ்வளவுதான்.

"தப்பு ஓன் மேல இல்ல, ஸ்டெல்லா. எங்க ஓவன் மேல."

விஷயத்தைச் சொல்லி முடித்ததும் கேட்டைத் திறந்தாள். டிராயரிலிருந்து ஒரு தாளை எடுத்து வந்தாள். என் கையெழுத்து. மடிப்பில் கிழிந்து, டேப் ஒட்டி...

"இத வச்சு அதுக்கப்பறமும் நாலு தடவ செஞ்சு பாத்தேன். அப்பவும் கருகிடுச்சு. எனக்குத்தான் கை வரலன்னு நெனச்சுக்கிட்டேன்."

அதைக் கேட்டுத்தான் நான் அழுதேன்.

பேனா வாங்கி 180ஐ அடித்துவிட்டு 155 என்று எழுதினேன். அவள் ஓவனில் ஐம்பத்தைந்து நிமிஷம். இரண்டு பேரும் டிவி பக்கமே போகவில்லை. கேக் கருகாமல் பொன்நிறமாக வந்தது.

அந்த முதல் கிறிஸ்மஸுக்கு எங்கள் வீட்டில் சோபா இல்லை, பாய் நிறைய ஆட்கள் இருந்தார்கள். இப்போது சோபா இருக்கிறது, அதில் அருளும் நானும் மட்டும். கெவின் சொன்னபடி ஓவனைத் தூக்கிப் போட்டிருந்தால், சாகும்வரை அவள் மேல்தான் தப்பு என்று நினைத்துக்கொண்டிருந்திருப்பேன்.

போன ஞாயிறு சமாதானம் பகிரும் நேரத்தில் வலது பக்கம் திரும்பினேன். ஸ்டெல்லா ஏற்கெனவே கையை நீட்டிக்கொண்டு நின்றாள்.