அப்பாவைச் சார் என்று கூப்பிட்டேன்

எண்பதுகளில் ஒரு தாலுகா அலுவலகத்தில் தற்காலிக டைப்பிஸ்டாக இருந்தேன். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அதிகாரி கையெழுத்துப் போட்டால்தான் வேலை நீடிக்கும். அதனால் வார்த்தைக்கு வார்த்தை சார் போடுவேன். வந்துட்டேன் சார், அடிச்சிட்டேன் சார், போயிட்டு வரேன் சார். சொல்லிச் சொல்லி எனக்கே சலித்துப்போயிருந்தது.

அலமாரியில் தடித்த ஆங்கில அகராதி ஒன்று கிடந்தது. எழுத்துப் பிழை பார்க்க மட்டும் அதைத் தொடுவோம். ஒரு மத்தியானம், அப்படி என்னதான் இருக்கிறது இந்தச் சாரில் என்று புரட்டினேன். ராஜாவுக்கும் பிரபுக்களுக்கும் சொன்னது என்று போட்டிருந்தது. அதற்கும் முன்னால் போனால், லத்தீனில் வெறுமனே ‘வயதில் மூத்தவர்’. அவ்வளவுதான். பதவியைப் பற்றி மூச்சே இல்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அதிகாரிக்கு என் அண்ணன் வயதுகூட ஆகவில்லை.

அடுத்த வாரம் அப்பா வந்தார். இண்டூர்ப் பக்கம் எங்களுக்கு இருந்த மானாவாரிக் காட்டு நிலத்தின் பட்டாவில் பெயர் மாற்ற வேண்டும். நேராக என் மேசைக்கு வந்து, “ஏனுங்க மேடம், மனு யாருகிட்டீங்க குடுக்கறது?” என்றார். காட்டு வேலை செய்கிறவர் மகள் என்று தெரிந்தால் என்னை மதிக்கமாட்டார்கள், வேலைக்கே வினையாகிவிடும் என்று பயந்திருக்கிறார். பெற்ற மகளையே தெரியாதவர்போல் நின்றார். எனக்கு அழுகை முட்டியது. அதைவிடக் கோபம் அதிகமாக வந்தது.

அதற்குள் அதிகாரி குரல் கொடுத்தார். “யோவ், தள்ளி நில்லுய்யா.”

நான் எழுந்து என் நாற்காலியை அப்பா பக்கம் நகர்த்தினேன். “உக்காருங்க சார்.”

“வேணாங்க, வேணாங்க” என்று அப்பா பின்வாங்கினார். தோளைப் பிடித்து உட்காரவைத்தேன்.

“யாரும்மா இந்தாளு, உனக்குச் சாரு?” என்றார் அதிகாரி.

“எங்கப்பாங்க. இந்த ரூம்ல இவருதான் மூத்தவரு. சார்னா அதாங்க அர்த்தம். டிக்‌ஷனரில இருக்குது, எடுத்தாரட்டுங்களா?”

மற்ற மேசைகளில் எழுதிக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள்.

“நாளையிலருந்து நீ வர வேணாம்.”

“சரிங்க” என்றேன். அன்றைக்குச் சார் சேர்க்கவில்லை. சாப்பாட்டுப் பையை எடுத்துக்கொண்டு, “வாங்கப்பா, வூட்டுக்குப் போலாம்” என்றேன்.

அப்பா எழவில்லை. மடித்து வைத்திருந்த மனுவைப் பிரித்து மேசைமேல் வைத்தார். அதிகாரியைப் பார்த்துக்கொண்டே என்னிடம் சொன்னார்.

“நீ வெளிய நில்லு கண்ணு. மனுவ வாங்கிக்கிட்டு ரசீது குடுக்கட்டும். அப்பறமா எந்திரிக்கறேன்.”