பாகற்காய்க்கு ஒரு மரபணு டெஸ்ட்

சென்ற வாரம் எங்கள் வீட்டு ஃபிரிட்ஜ் கதவில் ஒரு லேப் ரிப்போர்ட்டை ஒட்டினேன். பெருமையாக! என் பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டைக்கூட நான் இப்படி யாருக்கும் காட்டியதில்லை.

விஷயம் இதுதான். எனக்கு சுகர். அதனால் மனைவி மல்லிகா பத்து வருடமாக வாரம் மூன்று நாள் பாகற்காய் சமைக்கிறாள். நான் நைசாக ஒதுக்கிவிடாதபடி எதிரிலேயே உட்கார்ந்து அவளும் சாப்பிடுவாள். எப்படித் தப்பிப்பது?

மாடி வீட்டு ஃபரீதாதான் வழி காட்டினாள். சிறுசேரிப் பக்கம் ஒரு மரபணு ஆய்வுக்கூடத்தில் வேலை பார்க்கும் பெண்.

"சிலருக்குக் கசப்பு ஜாஸ்தியா தெரியும் அங்கிள். அது ஜீன்லயே இருக்கு."

"இதை எழுத்துல தருவியாம்மா?"

சிரித்துக்கொண்டே மறுநாள் ஒரு குழாயோடு வந்தாள். அதில் எச்சில் துப்ப வேண்டும். அதற்கு முன் அரை மணி நேரம் காபிகூடக் குடிக்கக் கூடாது. துப்பினேன், துப்பினேன்... வரவே இல்லை.

"உங்க வீட்ல இன்னிக்கு பிரியாணியா ஃபரீதா?" என்று கேட்டேன். குழாய் நிறைந்துவிட்டது!

"இவரை நம்ப முடியாது. எனக்கும் ஒண்ணு எடும்மா, ரெண்டையும் சேத்துப் பாக்கலாம்" என்றாள் மல்லிகா.

மூன்று வாரம் கழித்து என் ரிப்போர்ட் முதலில் வந்தது. எனக்குக் கசப்பு ஜீன் இருக்கிறது! அதைத்தான் ஃபிரிட்ஜில் ஒட்டினேன். இனி சயின்ஸே என் கட்சி அல்லவா?

மறுநாள் மாலை மல்லிகாவின் ரிப்போர்ட்டோடு ஃபரீதா இறங்கி வந்தாள். கொஞ்சம் தயங்கினாள்.

"அங்கிளுக்கு அந்த ஜீன் ஒரு பக்கத்துலேருந்துதான் வந்திருக்கு. ஆன்ட்டிக்கு அம்மா, அப்பா ரெண்டு பக்கமும். அவங்களுக்குத்தான் கசப்பு இன்னும் ஜாஸ்தி."

நான் மல்லிகா பக்கம் திரும்பினேன்.

"அப்போ பத்து வருஷமா எப்படிச் சாப்பிட்டே?"

"மூச்சைப் பிடிச்சுக்கிட்டு முழுங்கினேன். நான் சாப்பிடலேன்னா நீங்க தொடுவீங்களா?"

சத்தமில்லாமல் போய் ஃபிரிட்ஜிலிருந்து ரிப்போர்ட்டைக் கிழித்தேன். இவளிடமா ஜெயிக்கப் பார்த்தேன்?

ஃபரீதா ஆறுதல் சொன்னாள். "பாகற்காயோட ஜீனையும் ஆராய்ச்சி பண்றாங்க ஆன்ட்டி. கசப்பு கம்மியான ரகம் வரலாம்."

"வரட்டும். அதுவரைக்கும் நான் பாத்துக்கறேன்" என்றாள் மல்லிகா.

மறுநாள் தட்டில் சுரைக்காய்க் கூட்டு.

"இது எந்த ஜீனுக்கும் கசக்காது. சாப்பிடுங்க."

உண்மைதான். கசக்கவில்லை... இனிக்கவில்லை, உறைக்கவில்லை, வேறு எதுவுமே செய்யவில்லை!