சந்தனமேரி ஓட்டினால் மட்டும்

கம்பம்மெட்டில் வண்டி ஓட்டுகிற பெண்களுக்குப் பஞ்சமில்லை. ஸ்கூட்டரில் கடைக்குப் போவார்கள், சின்னக் காரில் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் விட்டு வருவார்கள். ஆனால் அதையே பிழைப்பாகக் கொண்டவள் சந்தனமேரி ஒருத்திதான். ஏலத்தோட்டத்தில் களையெடுத்துக்கொண்டிருந்தவள். முப்பது வயது தாண்டிய பிறகு, மழையால் வேலையில்லாமல் கிடந்த ஒரு சமயத்தில், சும்மா இருப்பதற்கு இதையாவது படிப்போமே என்று டிரைவிங் ஸ்கூலில் போய்ச் சேர்ந்தாள். முதலில் ஆட்டோ ஓட்டினாள். ஸ்டாண்டில் அவள் வண்டி முதலில் நின்றாலும் ஆட்கள் எட்டிப் பார்த்துவிட்டு அடுத்த வண்டிக்குப் போவார்கள். அவள் முகம் சுளித்ததில்லை. போகப்போக, பிள்ளைத்தாச்சிகளும் ஆஸ்பத்திரிக்குப் போகிற வயதானவர்களும் அவளைத் தேடி வர ஆரம்பித்தார்கள். அதைப் பார்த்துத்தான் பங்குக் கோயிலின் வீட்டு மருத்துவக் கமிட்டி அவளைக் கூப்பிட்டுத் தன் வண்டியின் சாவியைக் கையில் கொடுத்தது.

எழுந்து நடமாட முடியாத நோயாளிகளை அவரவர் வீட்டிலேயே போய்ப் பார்ப்பது அந்தக் கமிட்டியின் வேலை. நர்ஸ் செல்வப்பிரியா புண் கழுவுவாள், டியூப் மாற்றுவாள், மருந்து கொடுப்பாள். அவளையும் அவள் சாமான்களையும் தோட்டத் தொழிலாளர்களின் லயத்து வீடுகள் வரைக்கும் கொண்டு சேர்ப்பது சந்தனமேரியின் பாடு. வண்டி, வெளிநாட்டிலிருந்து திரும்பி வந்த ஒருவர் கோயிலுக்குக் கொடுத்தது. நாலு சக்கரமும் இழுக்கிற வண்டி. ஜீப்பில் இருப்பதுபோல அதற்கென்று தனிக் கியர்க் கம்பி எதுவும் கிடையாது. சாதாரணமாக முன்சக்கரங்கள் இரண்டுமே இழுக்கும். அவை சறுக்கினால், உள்ளே இருக்கிற கம்ப்யூட்டர் தானே பார்த்துப் பின்சக்கரங்களையும் சேர்த்துக்கொள்ளும். எப்போது சேர்க்கிறது, எப்போது விடுகிறது என்பது ஓட்டுகிறவளுக்குத் தெரியாது. ஒழுங்காக ஓடியவரை, தெரிந்துகொள்ள வேண்டிய அவசியமும் வரவில்லை.

ஜூன் மழையில்தான் வினை வந்தது. ஆனைக்கல் ஏற்றத்தின் உச்சியில் ஒரு லயம். அங்கே ஏசுரத்தினம் என்று ஒருவர், ஏலக்காய் உலர்த்துகிற ஸ்டோரில் காலமெல்லாம் அடுப்பெரித்து நெஞ்சு கெட்டுப்போனவர். அவருக்கு ஆக்ஸிஜன் சிலிண்டர் கொண்டு போனார்கள். பாதி ஏற்றத்தில் சந்தனமேரியின் கண்ணெதிரே ஒரு மஞ்சள் விளக்கு எரிந்தது, நாலு சக்கரப் படம் போட்ட விளக்கு. அடுத்த நொடி முன்சக்கரங்கள் சேற்றில் வெறுமனே சுற்றின. வண்டி பின்னால் வழுக்கி, மண்திட்டில் முட்டி நின்றது. இருவரும் இறங்கி, வேலை முடிந்து வந்துகொண்டிருந்த ஆட்களைக் கூப்பிட்டு, சிலிண்டரைத் தோளேற்றிக் கொண்டுபோனார்கள். திரும்பி வந்து சாவியைத் திருகினால் விளக்கைக் காணோம். வண்டி எதுவுமே நடக்காததுபோல இறங்கி வந்தது.

மறுநாள் நெடுங்கண்டத்தில் ஜிபியின் வர்க்‌ஷாப்புக்குப் போனாள். ஜிபி மலையாளி, ஆனால் பாதி வாடிக்கையாளர்கள் தமிழர்கள் என்பதால் கலந்து பேசுவான். கையடக்க ஸ்கேனரைச் செருகிப் பார்த்தான். பின்னால் இடது சக்கரத்தின் சென்சார் எப்போதோ ஒருமுறை தொடர்பு விட்டிருப்பதாகக் காட்டியது. சென்சாரை மாற்றினான். இரண்டே நாளில் மறுபடியும் விளக்கு. திரும்பப் போனால், அவன் ஓட்டிப் பார்க்கும்போது வரவில்லை.

"வண்டிக்கு ஒரு குழப்பமும் இல்ல சேச்சி" என்றான்.

மலையாளத்தில் குழப்பம் என்றால் கோளாறு என்று அவளுக்குத் தெரியாமலில்லை. ஆனாலும் திரும்பி வரும்போது, வண்டிக்குக் குழப்பம் இல்லையென்றால் அவ்வளவும் தனக்குத்தானா என்று தோன்றிற்று.

அதன்பிறகு அவள் விளக்குக்குக் காரணம் தேட ஆரம்பித்தாள். காலைக் குளிரில்தான் வருகிறது என்று நினைத்தாள். நல்ல வெயிலில் கட்டப்பனை ரோட்டில் வந்தது. ஏற்றத்தில்தான் என்று நினைத்தாள், சமதளத்தில் வந்தது. குழியில் விழுந்தால்தான் என்று வேண்டுமென்றே குழியில் இறக்கிப் பார்த்தாள், வரவில்லை. வீட்டில் கணவன் இன்னாசிராஜிடம் சொன்னாள். அவர் ஏலக்காய் ஸ்டோரில் எடை போடுகிறவர், வண்டி ஓட்டத் தெரியாது.

"ஏத்தத்துல நீ காலை எடுத்துர்றியோ என்னமோ மேரி."

"காலை எடுத்தா லைட்டு எரியுமாங்க?"

"எனக்கென்ன தெரியும், கேட்டேன்."

கேட்டது கேட்டதுதான். மறுநாளிலிருந்து அவள் தன் வலதுகாலையே கவனித்துக்கொண்டு ஓட்டினாள். அதனால் ஓட்டமும் கெட்டது. ஒருநாள் ஆனைக்கல் அடிவாரத்தில் வண்டியை நிறுத்திவிட்டு, "செல்வா, இன்னைக்கு நடந்துருவமா?" என்றாள். மழையில் இருவரும் பையைத் தூக்கிக்கொண்டு ஏறினார்கள். செல்வப்பிரியா யாரிடமும் இதைச் சொல்லவில்லை. ஆனால் சேற்றோடு அவள் வீட்டுக்குப் போனதைப் பார்த்தவர்கள் சொன்னார்கள், கமிட்டிக்குச் செய்தி போயிற்று.

பங்குக் கோயில் ஃபாதர் அவளைக் கூப்பிட்டுத் தன்மையாகத்தான் பேசினார். ஒருநாள் ரிஜோ ஓட்டிப் பார்க்கட்டும், கோளாறு எதில் என்று தெரிந்துவிடும் என்றார். ரிஜோ, தோட்டத்துக்கு ஆள் ஏற்றுகிற ஜீப் ஓட்டுகிறவன், ஆனைக்கல்லைக் கண்ணை மூடிக்கொண்டு ஏறுகிறவன். அவன் ஓட்டினான். எல்லா வீட்டுக்கும் போனான், ஆனைக்கல்லும் ஏறினான். விளக்கு ஒருதரம்கூட எரியவில்லை.

"வண்டி தங்கமா இருக்கு ஃபாதர்" என்று சாவியைக் கொடுத்தான். "யக்காதான் பயந்துக்கிட்டு ஓட்டுது போல."

சந்தனமேரி பக்கத்தில்தான் நின்றிருந்தாள். ஃபாதர் அவளைப் பார்த்து, "கொஞ்ச நாள் வீட்டுல ரெஸ்ட் எடும்மா" என்றார்.

வீட்டில் அவளுக்கு உட்காரவும் முடியவில்லை, படுக்கவும் முடியவில்லை. கோபம் வந்தாலாவது தேவலை. கோபப்படுவதற்கு அவன் பொய் சொல்லியிருக்க வேண்டும். அவன் பொய் சொல்லவில்லை. அதே வண்டி, அதே வழி, அதே மழை. ஆள் மட்டும் வேறு. அப்படியானால் ஆள்தானே காரணம்? அவளே நீதிபதியாக இருந்தாலும் அப்படித்தான் தீர்ப்புச் சொல்லியிருப்பாள். ஆனாலும் மனசு ஒப்பவில்லை. தான் என்ன செய்கிறோம் என்று தனக்கே தெரியாமல் ஒருவர் எதையாவது செய்துகொண்டிருக்க முடியுமா? முடியும் போலவும் இருந்தது. குறட்டை விடுகிறவனுக்குத் தன் குறட்டை கேட்கிறதா என்ன?

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து செல்வப்பிரியா பார்க்க வந்தாள். காப்பி கொடுத்துவிட்டுச் சந்தனமேரி கேட்டாள்: "அவன் ஓட்டினப்ப என்னென்ன நடந்துச்சு? ஒண்ணு விடாம சொல்லு."

"என்னத்தச் சொல்ல? கெளம்புனோம், போனோம், வந்தோம்."

"எந்த கியர்ல ஏறுனான்?"

"அதெல்லாம் நான் எங்க யக்கா பாத்தேன். பின்னாடி காலை நீட்டிக்கிட்டுச் சாஞ்சு வந்தேன். சிலிண்டரு நெறைக்கப் போயிருந்துச்சுல்ல, எடம் தாராளமா கெடந்துச்சு."

சந்தனமேரி டம்ளரைக் கீழே வைத்தாள். "சிலிண்டரு இல்லையா?"

"ரெண்டுமே இல்ல. ஏசுரத்தினம் ஐயாவுக்கு வேண்டியத மொத நாளே குடுத்தாச்சு, காலியானதெல்லாம் நெறைக்கப் போச்சு."

சிலிண்டர்களைப் பின்பக்கம் இடது மூலையில் பட்டைபோட்டுக் கட்டி வைப்பது வழக்கம். ஜிபி ஓட்டிப் பார்த்தபோதும் அவற்றைக் கமிட்டி அறையில் இறக்கி வைத்துவிட்டுத்தான் போயிருந்தாள், வர்க்‌ஷாப்பில் ஆக்ஸிஜன் ஆபத்து என்று. இருவர் ஓட்டியபோதும் வண்டியில் பாரமே இல்லை. ஃபாதரிடம் போய், ஒரே ஒரு தடவை வண்டியைக் கொடுங்கள் என்று கேட்டு வாங்கிக்கொண்டு நெடுங்கண்டத்துக்குப் போனாள். சிலிண்டருக்குப் பதிலாகச் சிமெண்ட் மூட்டைகளை அந்த மூலையில் ஏற்றச் சொன்னாள். ஜிபிக்குச் சிரிப்பு வந்தது. இருந்தாலும் ஏற்றினான். வண்டி அந்தப் பக்கமாகத் தாழ்ந்தது. டார்ச்சைப் பிடித்துக்கொண்டு கீழே நுழைந்தவன் அவளைக் கூப்பிட்டான்.

"சேச்சி, இங்க வந்து நோக்கு."

சக்கரத்துக்குப் போகிற வயரைப் பிடித்து வைத்திருக்க வேண்டிய கிளிப் உடைந்திருந்தது. பாரம் ஏறினால் வயர் தொங்கி இரும்பில் உரசுகிறது. உரசி உரசித் தோல் தேய்ந்து, உள்ளே செம்பு தெரிந்தது. பாரம் இல்லாதபோது வயர் தன் இடத்தில் சமர்த்தாக இருக்கிறது. "நான் சென்சார் மட்டும் மாத்தினேன். மேல நோக்கல" என்று சொல்லிவிட்டு, வயரை மாற்றி, புதுக் கிளிப் போட்டுக் கொடுத்தான்.

ஃபாதர் சாவியைத் திருப்பிக் கொடுத்தார். சந்தனமேரி சிலிண்டர்களோடு ஆனைக்கல் ஏறினாள். விளக்கு வரவில்லை. இன்னாசிராஜ் கோழி வாங்கி வந்தார்.

அந்த வாரம் முடிவதற்குள், கட்டப்பனையிலிருந்து வெறும் வண்டியாகத் திரும்பி வருகிறாள். காய்ந்த தார்ரோடு, பாரமில்லை, ஏற்றமில்லை. மஞ்சள் விளக்கு எரிந்தது.

ரோட்டோரம் நிறுத்தி ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டாள். வயரைக் கண்ணால் பார்த்தாளே. செம்பைத் தொட்டுப் பார்த்தாளே. அப்படியானால் அதுவும் இல்லையா? ரிஜோ சொன்னதுதான் சரியா? செல்வப்பிரியாவுக்குப் போன் செய்தபோது அழுகை வந்துவிட்டது.

"எனக்கு ஒண்ணுமே மனசிலாகல செல்வா. நான் விட்டுர்றேன் இந்த வேலைய."

"யக்கா, ஒரு ஆளு தலைசுத்துதுன்னு வாராருன்னு வைங்க. ரத்தம் கம்மியா இருக்கும், பிரஷரும் இருக்கும். ஒண்ணுக்கு மருந்து குடுத்தா பாதிதான் நிக்கும். அதுக்காக மொதக் குடுத்த மருந்து தப்பா? வண்டிக்கும் ரெண்டு சீக்கு இருந்தா?"

ரெண்டு சீக்கு. விளக்கு ஒன்று என்பதால் நோயும் ஒன்று என்றே அவள் நினைத்திருந்தாள். அவள் மட்டுமா, ஜிபியும்தான். இந்தத் தடவை அவனிடம் பாரம் ஏற்றிய கதையைச் சொல்லவில்லை. பாரமில்லாமல், நல்ல ரோட்டில், வெகுதூரம் நிற்காமல் ஓடியபோது வந்ததை மட்டும் சொன்னாள். ஜிபி டயர்களைச் சுற்றி வந்தான். முன்னால் இரண்டும் புதுசு, பங்கில் ஒருவர் காணிக்கையாக வாங்கிக் கொடுத்தது. பின்னால் இரண்டும் மொழுமொழுவென்று தேய்ந்தது. சாக்பீஸால் டயரில் கோடு போட்டு, தரையில் ஒரு சுற்று உருட்டி, முன்டயருக்கும் பின்டயருக்கும் அடையாளம் வைத்தான். இரண்டு அடையாளத்துக்கும் நடுவே இரண்டு விரற்கடை இடைவெளி இருந்தது. சின்ன டயர் கூடுதலாகச் சுற்ற வேண்டும். ஏதோ சக்கரம் சறுக்குகிறது என்று கம்ப்யூட்டர் நினைத்துக்கொண்டு பின்சக்கரத்தைச் சேர்த்துக்கொண்டே இருக்கிறது; வெகுதூரம் அப்படியே ஓடினால் உள்ளே சூடேறி, தன்னைக் காப்பாற்றிக்கொள்ள விளக்கைப் போட்டுவிட்டுப் பின்சக்கரத்தை விட்டுவிடுகிறது. ஆறினால் மறுபடி சரி. ரிஜோ ஓட்டியதெல்லாம் பக்கத்துப் பக்கத்து வீடுகள். அவ்வளவு சூடேற நேரமே இருந்திருக்காது.

நாலும் ஒரே மாதிரி டயராகப் போட்டார்கள். விளக்கு நின்றது.

ஸ்டாண்டில் ரிஜோ ஒருநாள் அவளைப் பார்த்து, "வண்டிக்கு என்னதான் இருந்துச்சு யக்கா?" என்று கேட்டான். அவள் சொல்ல ஆரம்பித்தாள். ஆனைக்கல்லில் வந்தது வயரால், கட்டப்பனை ரோட்டில் வந்தது டயரால். ஆனால் குளிர்காலையில் ஒருநாள் கோயில் வாசலிலேயே வந்ததே, அது எதனால்? பாதியில் நிறுத்திவிட்டு யோசித்தாள். அவன் தலையாட்டிவிட்டு, பீடியைக் கீழே போட்டு மிதித்தான். "நான் அன்னைக்கு அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது" என்றான்.

"நீ பாத்ததத்தானப்பா சொன்ன. நானே அப்படித்தான் நெனச்சேன்" என்றாள். அது உபசாரத்துக்குச் சொன்னதில்லை.

போன மாதம் ஒரு மழைநாளில் ரோட்டுச் சந்திப்பைத் தாண்டும்போது அந்த விளக்கு கண் சிமிட்டியதுபோல அவளுக்குத் தோன்றிற்று. "எரிஞ்சுச்சா?" என்று கேட்டாள். செல்வப்பிரியா வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள், தெரியவில்லை என்றாள். பிறகு ஜிபியின் ஸ்கேனரிலும் ஒன்றும் காட்டவில்லை. வந்ததா, வந்ததாக நினைத்தாளா என்று அவளால் இன்றைக்கும் அறுதியிட்டுச் சொல்ல முடியவில்லை. ஆனால் அன்றைக்கு அவள் வண்டியை நிறுத்தவில்லை. ஆனைக்கல் அடிவாரத்தில் முதல் கியரைப் போட்டாள். மேலே ஏசுரத்தினத்தின் மகள் குடையோடு வாசலில் நின்று, இந்தப் பக்கம் சேறு அதிகம், அந்தப் பக்கமாக ஏறுங்கள் என்று கை காட்டிக்கொண்டிருந்தாள்.