சைக்கிளா, குதிரையா: அக்கா கற்ற நான்காவது மொழி

இந்த நினைவு மலரில் அக்காவைப் பற்றிப் பிறப்பிலிருந்து ஒழுங்காக எழுது என்றார் அத்தான். எழுதுகிறேன். ஆனால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது கோலாலம்பூரிலிருந்து கிள்ளானுக்குப் போகும் காலை இரயில்தான். கூடையோடு ஏறிய மலாய் அம்மாளிடம் லங்சாட் பழத்தைப் பற்றி மலாயிலும், எதிரே இருந்த யுரேஷியப் பெண்ணிடம் ஜன்னல் கதவைப் பற்றி ஆங்கிலத்திலும், கச்சான் கடலை விற்றவரிடம் தமிழிலும் பேசி முடித்தார் அக்கா. வண்டி பத்து தீகா ஸ்டேஷனைக்கூடத் தாண்டவில்லை. அந்த இடத்தில்தான் எனக்கு ஒரு யோசனை தட்டியது: ஓர் அயல்மொழியைக் கற்றவருக்கு அடுத்தது எளிது, அதற்கடுத்தது அதைவிட எளிது. நான் அப்போது பள்ளியின் கடைசி வகுப்பில் இருந்தேன். தோன்றியதை உடனே சொல்லாமல் இருக்கத் தெரியாது.

"அக்கா, உங்களுக்கு மலாயும் இங்கிலீசும் வந்துருச்சு. இனி எந்தப் பாஷையும் சைக்கிள் மாதிரிதான். ஒண்ணு பழகிட்டா எல்லாத்தையும் ஓட்டலாம்."

அக்கா சொன்னார்: "அடுத்து வர்றது சைக்கிள்தான்னு உனக்கு யாரு சொன்னா? குதிரையா இருந்தா?"

அக்கா பிறந்தது பிரிக்பீல்ட்ஸில், இரயில்வே குவார்ட்டர்ஸில். அப்பாவுக்கு இரயில்வேயில் வேலை. தண்டவாளத்துக்கு அப்பாலிருந்த கம்பம் என்னும் மலாய்க் கிராமத்துப் பிள்ளைகளோடு விளையாடியே மலாய் வந்தது. ஐந்தாம் வகுப்புவரை போன மிஷன் பள்ளியில் ஆங்கிலம் வந்தது. அப்பா காலமானதும் அக்காவின் படிப்பு நின்றது. என் படிப்பு நிற்கவில்லை. இரண்டும் ஒரே முடிவின் இரு பாதிகள் என்பது எனக்குப் பிற்பாடுதான் விளங்கியது. ஆஸ்பத்திரியில் உதவியாளராகச் சேர்ந்து, மருத்துவச்சிப் பயிற்சி பெற்று, கிள்ளானில் ஒரு பிரசவ நிலையத்தில் மிஸ்ஸி எனப்படும் நர்ஸாக அமர்ந்தார். அத்தானுக்குத் துறைமுகத்தில் வேலை. கல்யாணமாகி மூன்று வருஷம் ஆளுக்கொரு ஊரில் இருந்தவர்கள் அப்போதுதான் ஒரே கூரையின்கீழ் வந்தார்கள்.

வந்த சில மாதங்களில் நிலையத்திலிருந்த சீன மிஸ்ஸி விலகிப் போனார். கிள்ளான் சீனர்கள் பேசுவது ஹொக்கியன். கடைக்கு வரும் ஆண்களுக்குச் சந்தை மலாய் தெரியும். உள்வீட்டுப் பெண்களுக்கு அதுவும் தெரியாது. வருஷ முடிவுக்குள் ஹொக்கியன் பேசக் கற்றால் கிள்ளானிலேயே இருக்கலாம், இல்லாவிட்டால் உள்நாட்டுத் தோட்டமொன்றுக்கு மாற்றம் என்று நிலையத்து டாக்டரம்மா சொல்லிவிட்டார். அத்தான் துறைமுகத்தை விட்டு வர வழியில்லை. மறுபடியும் இரண்டு வீடு என்றாகும்.

நான் பயப்படவே இல்லை. என் கொள்கையைச் சோதித்துப் பார்க்க நல்ல சந்தர்ப்பம் என்றுதான் நினைத்தேன். சனிக்கிழமைதோறும் கிள்ளான் போனேன். நிலையத்தில் துணி வெளுக்கும் சீனப் பெண்ணை அருகில் உட்காரவைத்து, அவர் சொல்லச் சொல்ல நோட்டில் எழுதினேன். நான் எழுதியதைப் படித்தேன். அக்கா காதில் விழுந்ததை அப்படியே திருப்பிச் சொன்னார். இரண்டே மாதத்தில் வலி எங்கே, எப்போது தொடங்கியது, மூச்சை விடு, பிடி, ஆயிற்று என்பதெல்லாம் அக்காவின் வாயில் சரளமாக வந்தன. நான் சொன்னது சரிதானே என்று வீடு முழுக்கச் சொல்லித் திரிந்தேன்.

அதன்பின் அந்த மதியம். பாசார் சந்தைக்குப் பின்னால் ஒரு சாமான் கடையின் மாடியில் தலைப்பிரசவம். குழந்தை முறையாகத்தான் இறங்கிக்கொண்டிருந்தது. பெண்ணின் மாமியார், எல்லாம் நல்லபடியாக ஆகுமா என்று கேட்டார். நல்லபடியாக ஆகும் என்று அக்கா சுத்தமான ஹொக்கியனில் பதில் சொன்னார். உச்சரிப்பில் ஒரு குறையும் இல்லை. ஆனால் வாய் ஹொக்கியன் பேசும்போது தலை தமிழ் பேசியது. நாம் 'ஆமாம், ஆகட்டும்' என்று சொல்லும்போது இருபக்கமும் ஆட்டுகிறோமே, அப்படி ஆட்டியது. சீனருக்கோ அப்படி ஆட்டினால் 'இல்லை' என்று பொருள்.

மருத்துவச்சி வாயால் ஆறுதல் சொல்லிவிட்டுத் தலையால் உண்மையைச் சொல்கிறாள் என்று அந்த வீடு எடுத்துக்கொண்டது. அக்கா தடுத்தும் கேளாமல் பெண்ணை ரிக்ஷாவில் ஏற்றி வேறொரு மருத்துவச்சியிடம் கொண்டுபோனார்கள். போய்ச் சேர்வதற்குமுன் ரிக்ஷாவிலேயே பிரசவமாயிற்று. பின்னாலேயே ஓடிய அக்காதான் நடுத்தெருவில் குழந்தையை ஏந்திக்கொண்டார். இரண்டு உயிருக்கும் கேடில்லை. ஆனால் அடுத்த சில வாரங்களுக்கு எந்தச் சீன வீட்டிலிருந்தும் அக்காவுக்கு அழைப்பு வரவில்லை.

ரிக்ஷா இழுத்தவர் சொல்லித்தான் காரணம் தெரிந்தது. எனக்கு ஒப்புக்கொள்ள மனமில்லை. மலாயில் இப்படி ஒருநாளும் ஆகவில்லையே என்று வாதாடினேன். அன்று அக்கா சொன்ன பதிலைத்தான் இம்மலர் படிப்பவர்களுக்கு முக்கியமாகச் சொல்ல விரும்புகிறேன்.

"மலாய் நமக்குச் சுளுவா வந்துச்சுன்னு நெனச்சுக்கிட்டிருக்கோம். பாதிதான் நாம படிச்சோம். மீதிப் பாதிய அவங்க நமக்காகப் படிச்சுக்கிட்டாங்க. இத்தனை வருஷமா நம்ம தலையாட்டலப் பாத்துப் பழகிட்டாங்க. இந்தம்மா என்னை அன்னைக்குத்தானே மொதல்ல பாக்குது?"

மறுநாளிலிருந்து அக்கா தலையில் பித்தளை டம்ளரில் தண்ணீரை வைத்துக்கொண்டு ஹொக்கியன் பேசிப் பழகினார். முதல் வாரம் புடவை நனையாத நாள் இல்லை. "ஆஸ்பத்திரி வேலைக்குப் போறியா, கரகம் ஆடப் போறியா?" என்பார் அத்தான். அவரைப் பார்த்துச் சிரித்தாலும் தண்ணீர் சிந்தும்.

குழந்தைக்கு மாதம் நிறைந்து, சாயமிட்ட சிவப்பு முட்டைகளை அண்டை வீடுகளுக்குக் கொடுத்துக்கொண்டிருந்த நாளில், அழையாமலே அந்த வீட்டுக்குப் போனார் அக்கா. நானும் கூடப் போனேன். எங்கள் வழக்கம் இது, அன்று நான் சொன்னது நல்ல சொல்தான் என்று ஹொக்கியனில் சொல்லி, தலையை ஆட்டியும் காட்டினார். அந்த மாமியார் ஒரு முட்டையை எடுத்து அக்காவின் கையில் வைத்தார். அதன்பின் அந்த வீடே அக்காவின் பள்ளிக்கூடமாயிற்று. அக்காவின் தலை அசையும்போதெல்லாம் அந்த அம்மாள் மோவாயைப் பிடித்து நிறுத்தி, "இது உங்க தலையா, எங்க தலையா?" என்று தம் மொழியில் கேட்பார். கேட்டுவிட்டுத் தாமே சிரிப்பார்.

வருஷம் முடிய இரண்டு வாரம் இருக்கையில் அவரே நிலையத்துக்கு வந்து, பக்கத்து வீட்டுப் பிரசவத்துக்குத் 'தலையாட்டும் மிஸ்ஸி'தான் வேண்டும் என்று டாக்டரம்மாவிடம் பிடிவாதமாக நின்றார். மாற்ற உத்தரவு வரவில்லை. அக்காவும் அத்தானும் கடைசிவரை ஒரே வீட்டில் வாழ்ந்தார்கள்.

எந்த வீட்டிலிருந்து ஆள் வந்தாலும் எந்த இனம், எந்தச் சாதி என்று கேட்டறியாதவர் அக்கா. எத்தனை மணியிலிருந்து வலி என்று மட்டுமே கேட்பார். கோபம் வராதவர் என்று எழுதினால் பொய்யாகும். கை கழுவாமல் குழந்தையைத் தொட்டவர்கள் அறிவார்கள்.

சென்ற ஆண்டு மழைக்காலத்தில் அக்காவுக்கு வந்த காய்ச்சல் எட்டு நாள் நீடித்தது. ஆறாம் நாள் அந்தக் கடை மாடிச் சீன அம்மாள் வாசலில் வந்து நின்று, நல்லபடியாக ஆகிவிடுமா என்று என்னிடம் கேட்டார். கேள்வி புரிந்தது. பதிலுக்கான சொல்லும் என் நோட்டின் முதல் பக்கத்திலேயே இருக்கிறது. ஆனால் நாக்கு எழவில்லை. தலை மட்டும் அசைந்தது. அவர் என் அருகில் வந்து மெதுவாகக் கேட்டார்: "இது உங்க தலையா, எங்க தலையா?"

நான் வாசலை விட்டு விலகி வழிவிட்டேன். அவர் உள்ளே போய் அக்காவின் காலடியில் உட்கார்ந்துகொண்டார். எட்டாம் நாள்வரை தினமும் வந்தார்.

அந்த எட்டு நாளும் விடுப்பெடுத்துக் கூட இருந்த நிலையத்து மிஸ்ஸிமாருக்கும், நேரம் பாராமல் வந்த டாக்டரம்மாவுக்கும், தோள் கொடுத்த துறைமுகத் தோழர்களுக்கும், பிரிக்பீல்ட்ஸிலிருந்து சமைத்துக் கொண்டுவந்த குவார்ட்டர்ஸ் குடும்பங்களுக்கும், ரிக்ஷாவில் பிறந்த பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு சுடுகாடுவரை நடந்த அந்த அம்மாளுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது.

ஒரு மொழி தெரிந்தால் அடுத்தது எளிதா என்ற கேள்வியை நான் இன்னும் விடவில்லை. திவசம் முடிந்த அடுத்த சனிக்கிழமை முதல் அந்தக் கடை மாடிக்குப் போகப் போகிறேன். அந்த அம்மாளிடம் அனுமதி கேட்டாயிற்று. இம்முறை நோட்டுப் புத்தகம் இல்லை. அக்காவின் பித்தளை டம்ளரை எடுத்துப் போகிறேன். அன்று வாசலில், யார் தலை என்று அவர் கேட்டதற்கு நான் சொல்லாமல் விட்ட பதிலைத் தலை அசையாமல் அவர் மொழியிலேயே சொல்லிவிட வேண்டும். அதுதான் முதல் பாடம்.