பன்னிரண்டு பேர் சொன்ன சொல்

எனக்கு ஒன்பது வயதில் வயிற்றுப்போக்கோடு ரத்தமும் போக ஆரம்பித்தது. டவுன் ஆஸ்பத்திரி டாக்டர் முதலில் விசாரிப்பது வயிற்றை அல்ல, தெருவை. அம்மா காலனி என்றதும் பேனா தானாகவே பூச்சி மாத்திரை எழுதிவிடும். "புள்ளைய சுத்தமா வச்சுக்கங்கம்மா" என்பார். நாலு முறை போனோம், நாலு முறையும் அதேதான். என் வயிற்றில் பூச்சி என்று ஒன்று இருந்திருந்தால் அது எப்போதோ செத்திருக்கும். அம்மா சோப்புப் போட்டுத் தேய்த்த தேய்ப்பில் என் கை எரிந்தது. நான் ஆளே பாதியாகிவிட்டேன்.

அம்மா நடவுக்குப் போகும் பெரிய வீட்டுப் பேரனுக்கும் அப்போது இதே தொல்லை. அவனைக் காரில் தஞ்சாவூர் கொண்டுபோய்க் குழாய் விட்டுப் பார்த்து, குடலில் புண் என்று கண்டுபிடித்து, ஒரே வாரத்தில் மருந்தும் ஆரம்பித்தாயிற்று. சோதனையின் பெயரை அம்மா அந்த வீட்டில் கேட்டு வந்தாள். கொலனோஸ்கோப்பி. மறந்துவிடுமோ என்று பயந்து நடவு வரிசையில் பதினோரு பெண்களிடமும் சொல்லி வைத்தாள். ஒவ்வொரு நாற்றுமுடியைப் பிரிக்கும்போதும் ஒருத்தி அதைச் சத்தமாகச் சொல்ல வேண்டும். வரப்பில் படுத்துக் கிடந்த எனக்கே மனப்பாடமாகிவிட்டது.

மறுநாள் அதே வரப்பில் மயங்கி விழுந்தேன். பாவாடையெல்லாம் ரத்தம். அம்மா என்னைத் தூக்கிக்கொண்டு ஓட, பதினோரு பேரும் கரையேறி அப்படியே பஸ்ஸில் ஏறினார்கள்.

கண் விழித்தபோது டாக்டர் முன்னால் இருந்தேன். வாசலை அடைத்துக்கொண்டு அவர்கள், முழங்கால் வரை சேறு. எனக்கு அவமானம் பிடுங்கித் தின்றது. இந்தச் சேற்றைப் பார்த்தால் அவர் பூச்சி மாத்திரை தவிர வேறெதுவும் எழுதமாட்டாரே!

டாக்டர் பேனாவை எடுத்தார்.

"பூச்சி மாத்திரை வேணாங்க சார். கொலனோஸ்கோப்பி பாக்கணும், தஞ்சாவூருக்கு எழுதிக் குடுங்க." அம்மா முந்திக்கொண்டாள்.

"யாரும்மா சொல்லிக் குடுத்தா? நீ டாக்டரா, நான் டாக்டரா?"

அம்மா வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

"கொலனோஸ்கோப்பிங்க சார்" என்றாள் வாசலிலிருந்து பெரியம்மா. அடுத்து சித்தி. பிறகு ஒருவர் பின் ஒருவராக, நடவில் நின்ற அதே வரிசையில். யாரும் சத்தம் போடவில்லை, நகரவும் இல்லை. வெளியே காத்திருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். டாக்டர் முதல்முறையாக என்னைத் தொட்டார். கீழிமையை இழுத்துப் பார்த்தவர் முகம் மாறியது. பிறகு வெகுநேரம் எழுதினார்.

எனக்கும் குடலில் புண்தான், முற்றிய புண். இன்றும் மாத்திரை போடுகிறேன். உயிரோடு இருக்கிறேன்.

தஞ்சாவூருக்குப் போகும் ஆம்புலன்ஸில் அம்மாவிடம் எரிந்து விழுந்தேன். "இத்தன பேரு எதுக்கும்மா வந்தீங்க?" அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். பெரிய வீட்டுப் பையனுக்கு அவன் அம்மா ஒருத்தி கேட்டதே போதுமாயிருந்தது, எனக்குப் பன்னிரண்டு பேர் கேட்க வேண்டியிருந்தது என்பதெல்லாம் அன்று எனக்கு எட்டவில்லை. காலையாவது கழுவிக்கொண்டு வந்திருக்கலாம் என்று நினைத்துக்கொண்டே போனேன்.