ஐந்து பேருக்கு மட்டும் உலகக் கிண்ணம்

உக்குவளையில் பஸ்ஸுக்கு டயர் மாற்றுகிறார்கள். எதிரே இருக்கும் தேத்தண்ணிக் கடைக்குள் நுழைகிறேன். கதவிலேயே ஓர் அறிவித்தல்: உலகக் கிண்ண உதைபந்தாட்டம் முடியும்வரை எந்தக் கடையிலும் கடைக்காரரைத் தவிர ஐந்து பேருக்கு மேல் கூடி ஆட்டச் செய்தி கேட்கக்கூடாது, மீறினால் லைசன்ஸ் பறிக்கப்படும். ஆட்டம் நடப்பது ஜெர்மனியில். பந்து இங்கே வந்து விழுந்துவிடும் என்று யாரோ பயந்திருக்கிறார்கள்.

அலுமாரியின் மேல் ஒரு ரேடியோ, துணி போர்த்தபடி இருக்கிறது.

“ரேடியோவுல கேக்கலாமா, நானா?” என்கிறேன் கடைக்காரரிடம்.

“பெட்டரி கெடைக்காம மூணு மாசம், தம்பி. பேப்பரத்தான் வாசிச்சுக் காட்றேன். அதுவும் முந்தாநாள் பேப்பர்.”

“அதுக்குமா அஞ்சு பேரு?”

“அதுக்குந்தான். பரிசோதகரே வந்து கதவுல ஒட்டிட்டுப் போயிருக்காரு. லைசன்ஸ் போச்சுன்னா கடைய மூடிட்டுப் போகவேண்டியதுதான்.”

மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு வாசிக்கிறார். என்னோடு சேர்த்து ஐந்து பேர் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்கிறோம். ஹொலண்ட்காரன் பந்தோடு கோலை நெருங்கும்போது, அந்த அறிவித்தலை ஒட்டிய பரிசோதகரே வாசலில் சைக்கிளைச் சாத்திவிட்டு உள்ளே வருகிறார். கடைக்கார நானா வாசிப்பதை நிறுத்துகிறார். பரிசோதகர் விரல் நீட்டி எங்களை எண்ணுகிறார். கடைசியாகத் தன்னையும் எண்ணிக்கொள்கிறார்.

“ஆறு பேர் இருக்கு. ஒருத்தர் எழும்பி வெளிய போங்க.”

எல்லாரும் என்னைப் பார்க்கிறார்கள். வெளியூர்க்காரன் நான்தான். பாதித் தேத்தண்ணியை வைத்துவிட்டு எழும்புகிறேன். என் இடத்தில் அவர் உட்கார்ந்து தொப்பியைக் கழற்றி மடியில் வைக்கிறார்.

“ம், இப்ப வாசிங்க நானா. கோல் போட்டானா, இல்லியா?”